'பசிபிக் ஓவர்ச்சர்ஸ்' ஜப்பானிய மொழிக்குப் போனபோது என்ன ஆனது?

கேள்வி இது: "ஜப்பான் மேற்கத்திய நாகரிகத்துக்கு மாறிய கதையை அமெரிக்கர்கள் 'பசிபிக் ஓவர்ச்சர்ஸ்' என்று ஒரு மியூசிக்கலாக, அதாவது பாட்டு நாடகமாக, எடுத்தார்கள். அதை ஜப்பானியர்கள் தங்கள் மொழியிலேயே மேடையேற்றி நியூயார்க்குக்கும் கொண்டுபோனார்களாமே. அது வெறும் மொழிபெயர்ப்புதானா, இல்லை நாடகமே வேறாகிவிடுகிறதா?"

வேறாகிவிடுகிறது. வசனத்தில் யாரும் கைவைப்பதற்கு முன்பே வேறாகிவிடுகிறது. ஏன் என்று புரிய வேண்டுமானால் கதையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

1853 ஜூலை 8. எடோ (இன்றைய டோக்கியோ) விரிகுடாவின் வாயில் இருக்கும் உரகா என்ற ஊருக்கு எதிரே நான்கு அமெரிக்கப் போர்க்கப்பல்கள் வந்து நின்றன. தளபதி மாத்யூ பெர்ரி. ஜப்பான் அதுவரை இருநூறு வருஷத்துக்கும் மேலாகக் கதவைச் சாத்தி வைத்திருந்த நாடு. மேற்கத்தியர்களில் டச்சுக்காரர்களுக்கு மட்டும் நாகசாகியில் ஒரு சிறு வாசல் திறந்திருந்தது. பெர்ரி ஜூலை 14 அன்று குரிஹாமாவில் இறங்கி, அமெரிக்க ஜனாதிபதியின் கடிதத்தைக் கொடுத்துவிட்டு, அடுத்த வருஷம் இன்னும் அதிகக் கப்பல்களோடு வருவேன் என்று சொல்லிவிட்டுப் போனார். சொன்னபடியே வந்தார். 1854 மார்ச் 31 அன்று கனகாவா ஒப்பந்தம் கையெழுத்தானது. 1858க்குள் அமெரிக்கா, நெதர்லாந்து, ரஷ்யா, பிரிட்டன், பிரான்ஸ் என்று ஐந்து நாடுகள் வாணிப ஒப்பந்தங்களோடு உள்ளே வந்துவிட்டன. அடுத்த பத்து வருஷத்தில் ஷோகன் என்ற ராணுவத் தலைவரின் ஆட்சியே போய்விட்டது.

இதை மியூசிக்கலாக்கியவர்கள் மூன்று பேர். கதை வசனம் ஜான் வைட்மன், இசையும் பாடல்களும் ஸ்டீபன் சோண்ட்ஹைம், இயக்கம் ஹால் பிரின்ஸ். 1976 ஜனவரி 11 அன்று நியூயார்க்கின் பெரிய நாடக அரங்குகள் இருக்கும் பிராட்வேயில், விண்டர் கார்டன் தியேட்டரில் தொடங்கி 193 காட்சிகளோடு முடிந்துபோனது. பிராட்வே கணக்கில் அது தோல்விதான். கதையில் இரண்டு பேர் முக்கியம். காயாமா என்ற சின்ன சாமுராய் அதிகாரி, மன்ஜிரோ என்ற மீனவன். மன்ஜிரோ நிஜமான ஆள். 1841இல், பதினான்கு வயதில் கப்பல் உடைந்து, அமெரிக்கத் திமிங்கில வேட்டைக் கப்பல் ஒன்றால் காப்பாற்றப்பட்டு, மாசசூசெட்ஸில் படித்து, 1851இல் ஊர் திரும்பியவர். நாடகத்தில் காயாமா கொஞ்சம் கொஞ்சமாக வெள்ளைக்கார துரையாகிப் போகிறான். அமெரிக்கா போய் வந்த மன்ஜிரோவோ பழைமையின் வாளை எடுத்துக்கொள்கிறான். கடைசியில் அந்த வாள் காயாமாவின் மேலேயே பாய்கிறது. (நிஜ மன்ஜிரோ அப்படியெல்லாம் இல்லை. ஆங்கிலம் சொல்லிக்கொடுத்துக்கொண்டு, 1860இல் தூதுக்குழுவோடு அமெரிக்காவுக்குப் போய்வந்து நிம்மதியாக வாழ்ந்தார். இந்த நட்பும் கொலையும் நாடகத்துக்காகக் கட்டியவை.)

இப்போது மொழி விஷயம். 1976இல் பிரின்ஸ் ஒரு கணக்குப் போட்டார். ஒரு ஜப்பானிய நாடகாசிரியர் நியூயார்க்குக்கு வந்து பிராட்வே பார்த்துவிட்டு, ஊருக்குப் போய் இதே கதையை எழுதினால் எப்படி இருக்கும்? அந்தக் கற்பனைதான் அஸ்திவாரம். அதனால் ஆசிய முகங்கள் மட்டும், பெண் வேஷமும் ஆண்களே கட்டும் கபுகி என்ற ஜப்பானிய நாடக மரபு, பார்வையாளர்களுக்கு நடுவே நீளும் ஹனமிச்சி என்ற நடைமேடை, எல்லாம் வந்தன. மேடையில் ஜப்பானியர்கள் செம்மையான ஆங்கிலம் பேசுவார்கள், அமெரிக்கர்கள் கொச்சை ஆங்கிலம் பேசுவார்கள். அதாவது, நியூயார்க் ரசிகனைப் பிடித்து ஜப்பானியக் காதுக்குள் உட்கார வைக்கிறார்கள். அழகான யுக்தி. ஆனாலும் அது பாவனைதான். அமெரிக்கர்கள், ஜப்பானியர்கள் தங்களை எப்படிப் பார்த்திருப்பார்கள் என்று தாங்களே கற்பனை செய்து, தங்களுக்கே காட்டிக்கொண்டது.

டோக்கியோவில் அந்தப் பாவனைக்கு வேலையே இல்லை. "நாங்கள் இந்தத் தீவில் நிம்மதியாக இருந்தோம்" என்ற கருத்தில் முதல் பாட்டைப் பாடுகிறவனும் ஜப்பானியன், கேட்கிறவனும் ஜப்பானியன். 'நாங்கள்' என்பது திடீரென்று 'நாம்' ஆகிவிடுகிறது. நான் வசனத்துக்கு முன்பே நாடகம் மாறிவிடுகிறது என்றது இதைத்தான்.

2000இல் டோக்கியோவின் புதிய தேசிய அரங்கில் அமோன் மியாமோத்தோ இதை ஜப்பானிய மொழியில் இயக்கினார். 1958இல் டோக்கியோவில் ஷின்பாஷி எம்புஜோ தியேட்டருக்கு எதிர்த்தாற்போல் காபிக்கடை வைத்திருந்த குடும்பத்தில் பிறந்தவர். ஷின்பாஷி என்பது 1872இல் ஜப்பானின் முதல் ரயில் புறப்பட்ட இடம், கெய்ஷாக்களின் நடனத்துக்கும் பேர்போன இடம். மேற்கும் கிழக்கும் ஒரே தெருவில் முட்டிக்கொள்ளும் பேட்டை. இந்த நாடகத்தை எடுக்க அவரைவிடப் பொருத்தமான ஆள் கிடைக்க மாட்டார் என்று எனக்கு எப்போதும் தோன்றும்.

அவர் செய்த முதல் காரியம், கபுகி ஆடம்பரத்தைக் கழற்றிப் போட்டது. நியூயார்க்கில் கபுகி என்றால் தூரத்து அதிசயம். டோக்கியோவில் அது தாத்தா பாட்டி போய்ப் பார்த்த தியேட்டர், அதை வைத்து யாரையும் பிரமிக்க வைக்க முடியாது. அதனால் நோ என்ற பழைய ஜப்பானிய நாடக வகையின் மேடையை நினைவூட்டும் வெறும் மரத்தளம், கொஞ்சம் ஆட்கள். கதைசொல்லியாக நின்றவர் குனிமோத்தோ தகேஹாரு. இவர் மியூசிக்கல் நடிகரே இல்லை, ரோக்யோகு கலைஞர். ஷாமிசென் என்ற மூன்று தந்தி வாத்தியத்தோடு கதையைப் பாட்டும் பேச்சுமாகச் சொல்லும் கலை அது. நம் கதாகாலட்சேபம் தெரிந்தவர்களுக்கு உடனே பிடிபடும். பிராட்வே இசைக்கு நடுவில் இப்படி ஒரு தெருமுனைக் குரலை நிறுத்தியதில்தான் மியாமோத்தோவின் சாமர்த்தியமே இருக்கிறது. 1976இல் மேடை அலங்காரமெல்லாம் ஜப்பான், கீழே ஓடிய ரத்தம் அமெரிக்கா. இங்கே அலங்காரம் இல்லை, கதை சொல்கிற தொண்டை ஜப்பானுடையது.

மொழிபெயர்ப்புக்கு வருவோம். சோண்ட்ஹைமை எந்த மொழிக்குக் கொண்டுபோவதும் கஷ்டம், ஜப்பானிய மொழிக்கு இரட்டைக் கஷ்டம். தமிழ் வாசகர்களுக்கு இதை விளக்குவது சுலபம், ஏனென்றால் நமக்கு மாத்திரை தெரியும். ஜப்பானிய மொழி மாத்திரைக் கணக்கில் ஓடுவது. குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு. நம்மிடம் மெய்யெழுத்துக்கு அரை, அவர்களிடம் அதற்கும் முழுசாக ஒன்று. 'நிப்பொன்' என்ற சொல் நம் கணக்கில் மூன்று மாத்திரை, அவர்கள் கணக்கில் நான்கு. பாடும்போது பெரும்பாலும் ஒரு மாத்திரைக்கு ஒரு ஸ்வரம் வேண்டும். ஆங்கிலத்தில் 'நான்' என்பதற்கு ஒரு ஸ்வரம் போதும், ஜப்பானியத்தில் 'வதாஷி' என்று மூன்று. அதே மெட்டில் விஷயத்தில் பாதிதான் உட்காரும். மீதியை மொழிபெயர்ப்பாளர் வெளியே விட்டாக வேண்டும்.

அப்புறம் இயைபு, அதாவது வரி முடிவுகள் ஒரே ஒலியில் ஒத்துப்போவது. சோண்ட்ஹைமின் பேர் போன வித்தை அது. ஜப்பானியத்தில் அசைகள் ஐந்து உயிரில் ஒன்றிலோ, அல்லது ஒரு 'ன்' ஒலியிலோதான் முடியும். வினைச்சொல் வேறு கடைசியில் வந்து நிற்கும். ஆக, இயைபு தானாகவே விழுந்துகொண்டிருக்கும், அதற்கு மதிப்பே கிடையாது. 'வந்தான், தின்றான், போனான்' என்று தமிழில் எழுதிவிட்டுக் கைதட்டு எதிர்பார்க்க முடியுமா? அதே நிலைதான். 'ப்ளீஸ் ஹலோ' என்ற பாட்டில் ஐந்து நாட்டுத் தளபதிகளும் வரிசையாக வந்து ஒப்பந்தம் கேட்பார்கள். பிரிட்டிஷ்காரர் கில்பர்ட்-சல்லிவன் என்ற ஆங்கில இசை நாடக இரட்டையரின் பாணியில் மும்மடங்கு இயைபோடு பொரிந்து தள்ளுவார், பிரெஞ்சுக்காரர் கான்கான் ஆடுவார். ஆங்கிலத்தில் இது வார்த்தை விருந்து. ஜப்பானியத்தில் வார்த்தை வித்தை போய்விடும், மெட்டின் கேலியும் உடம்பின் கேலியும்தான் சுமக்க வேண்டும். இதை நஷ்டம் என்றே எழுதிக்கொள்ளலாம்.

லாபப் பக்கமும் உண்டு. காயாமாவும் மன்ஜிரோவும் உரகாவுக்கு நடந்து போகும் வழியில் மாற்றி மாற்றிக் குட்டிக் கவிதை சொல்லிக்கொள்ளும் ஒரு பாட்டு இருக்கிறது. ஒருவன் மனைவியை நினைத்துச் சொல்வான், இன்னொருவன் பாஸ்டனை நினைத்துச் சொல்வான். ஆங்கிலத்தில் எத்தனை அழகாக இருந்தாலும் அது ஹைகூவின் வேஷம். ஜப்பானியத்தில் அது தன் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்துவிடுகிறது. காயாமாவும் மனைவியும் பிரியும் பாட்டின் தலைப்பு ஆங்கிலத்தில் 'வேறு வழியில்லை' என்ற அர்த்தத்தில் வரும். அது ஜப்பானியர்கள் நாளெல்லாம் சொல்லும் 'ஷிகதா கா நாய்' என்ற பேச்சின் நேர் அர்த்தம். ஆங்கில ரசிகனுக்குச் சோகமான ஒரு வரி, ஜப்பானிய ரசிகனுக்கு அம்மா வாயில் கேட்ட வார்த்தை.

தலைப்பையும் பாருங்கள். 'பசிபிக் ஓவர்ச்சர்ஸ்' என்ற சொல் பெர்ரியின் கடிதத்திலேயே வருகிறது. சமாதானமான அணுகுமுறை என்று அர்த்தம், பீரங்கியைக் காட்டிக்கொண்டே எழுதியது. அதற்குள் பசிபிக் கடலும் இருக்கிறது, இசையின் தொடக்கப் பகுதி என்ற அர்த்தமும் இருக்கிறது. ஜப்பானியத் தலைப்பு 'தைஹேயோ ஜோக்யோகு'. கடல் வந்துவிட்டது, தொடக்க இசை வந்துவிட்டது. அணுகுமுறை என்ற ராஜதந்திர அர்த்தம் காணோம். ஆனால் 'தைஹே' என்றால் பெரும் அமைதி. பசிபிக் கடலின் பெயரே 'பெரும் அமைதிக் கடல்'தான். ஷோகன்கள் ஆண்ட தோகுகாவா காலத்தின் நீண்ட அமைதியையும் இதே 'தைஹே' என்ற ஒலியால்தான் சொல்வார்கள்.

அதனால் ஜப்பானிய ரசிகனுக்கு இந்தத் தலைப்பில் இன்னொன்றும் கேட்கும். பெர்ரி வந்ததைக் கேலி செய்த ஒரு குறும்பாட்டு அங்கே பிரசித்தம்: "தைஹே நோ நெமுரி ஓ சமாசு ஜோகிசென், தத்தா ஷிஹாய் தே யோரு மோ நெமுரெஸு." 'ஜோகிசென்' என்பது ஓர் உயர்ந்த ரகத் தேயிலை, நீராவிக் கப்பலுக்கும் அதே உச்சரிப்பு. 'ஹாய்' என்பது கோப்பையை எண்ணவும் வரும், கப்பலை எண்ணவும் வரும். அமைதித் தூக்கத்தைக் கலைத்த ஜோகிசென், நாலே கோப்பை, ராத்திரி தூக்கமே போச்சு! (நான்கில் இரண்டுதான் நீராவிக் கப்பல், மற்ற இரண்டும் பாய்மரம். பாட்டுக்கு அந்தக் கணக்கெல்லாம் எதற்கு.) சோண்ட்ஹைம் தன் சொற்சிலேடைக்குப் பெயர் வாங்குவதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே, இதே சம்பவத்துக்கு எடோ மக்கள் சிலேடை கட்டிவிட்டார்கள்.

நாடகத்தின் மையப் பாட்டு என்று நான் நினைப்பது 'எ பவுலர் ஹேட்'. வட்டமான கெட்டித் தொப்பி, அதுதான் பவுலர். காயாமா மேஜை முன்னால் உட்கார்ந்து மேலதிகாரிக்கு வருஷா வருஷம் அறிக்கை எழுதுகிறான். மேடையின் மறுபக்கம் மன்ஜிரோ ஒரு வார்த்தை பேசாமல் தேநீர்ச் சடங்குக்குப் பழகிக்கொண்டிருக்கிறான். காயாமாவின் பேச்சில் முதலில் தொப்பி வருகிறது, பிறகு பாக்கெட் கடிகாரம், வெள்ளை ஒயின், ஒற்றைக் கண்ணுக்கு மட்டுமான கண்ணாடி, மூக்குக்கண்ணாடி, கடைசியில் வால் வெட்டிய கோட்டு. ஒவ்வொன்றையும் "இதற்குப் பேர் இது" என்று பள்ளிக்கூடப் பையன் மாதிரி அறிமுகப்படுத்துகிறான். நடுவில், சுவரில் ஒரு சிலந்தியைக் கொன்றேன், வேலைக்காரர் ஒருவர் அதை நல்ல சகுனம் என்கிறார் என்று போகிறபோக்கில் சொல்வான். பெண்டாட்டியை விட்டுவிட்டதும் அதே தொனியில்தான் வரும். பத்து வருஷம் ஒரு பாட்டில் ஓடிவிடும், மெட்டு ஒரு இடத்திலும் குரலை உயர்த்தாது.

இதை ஆங்கிலத்தில் பாடும்போது, புதுச் சாமான்களின் பெயர்கள் பாட்டின் மற்ற வார்த்தைகளோடு ஒன்றாகக் கலந்துவிடும், ஏனென்றால் எல்லாமே ஆங்கிலம். ஜப்பானியத்தில் அந்தப் பெயர்களுக்கு ஒரு முடிவு எடுத்தாக வேண்டும். ஷோகன் ஆட்சிக்குப் பிறகு வந்த மெய்ஜி காலத்தில் இந்தத் தொப்பிக்கு 'யமதகபோ', அதாவது 'மலை உயரத் தொப்பி' என்று பெயர் கட்டினார்கள். அதைச் சொன்னால் ஆறு மாத்திரை, பழைய போட்டோ ஆல்பத்தின் வாசனை. 'பவுலர்' என்று அப்படியே சொன்னால் வாயில் ஒட்டாத அந்நியச் சொல். காயாமாவின் கதையே இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நடக்கிறது. கிமோனோவுக்கு மேல் பவுலர் தொப்பி வைத்துக்கொண்டு நிற்கும் மனிதர்களின் படங்கள் அந்தக் காலத்திலிருந்து நிறைய உண்டு, பார்த்திருப்பீர்கள். 1871இல் குடுமி வைத்துக்கொள்வது கட்டாயமில்லை என்று அரசாங்கம் ஆணை போட்டது. கிராப்புத் தலையைத் தட்டிப் பார், நாகரிகத்தின் சத்தம் கேட்கும் என்று அதற்கும் ஒரு பாட்டு வந்தது. டோக்கியோ அரங்கில் சிரிப்பும் சங்கடமும் கலந்து இந்த நினைவெல்லாம் பாட்டோடு சேர்ந்துகொள்ளும். பிராட்வேயில் அது கிடையாது.

இன்னொரு விஷயம், பலர் கவனிக்காமல் விடுவது. மியூசிக்கல் என்ற கலையே ஜப்பானுக்கு ஒரு பவுலர் தொப்பிதான். 1963இல் 'மை ஃபேர் லேடி'யை ஜப்பானிய மொழியில் போட்டதுதான் அங்கே முதல் பிராட்வே மியூசிக்கல். இன்று அது பெரிய தொழில். காயாமாவாக நின்று மேற்கத்தியக் குரல்பயிற்சியோடு மேற்கத்திய ஆர்கெஸ்ட்ராவுக்குப் பாடும் ஜப்பானிய நடிகர், தொப்பியைப் பற்றிப் பாடும்போது தொப்பியை மாட்டிக்கொண்டே பாடுகிறார். மியாமோத்தோவின் மேடையில் பக்கத்திலேயே ரோக்யோகு குரல் நிற்பதால் இது இன்னும் உறைக்கிறது.

மியூசிக்கல் என்ற இந்தத் தொப்பி எப்போது வந்தது என்று தேடினால் பெர்ரியிடமே போய் முட்டுவோம். ஒப்பந்தத்துக்குச் சில நாள் முன்பு, 1854 மார்ச் கடைசியில், பவ்ஹாட்டன் என்ற தன் கப்பலில் ஜப்பானிய அதிகாரிகளுக்கு விருந்து வைத்தார் பெர்ரி. சாப்பாட்டுக்குப் பிறகு, வெள்ளைக்கார மாலுமிகள் முகத்தில் கரி பூசிக்கொண்டு மின்ஸ்ட்ரல் பாட்டும் கூத்தும் நடத்தினார்கள். அதிகாரிகள் விழுந்து விழுந்து சிரித்தார்களாம். அமெரிக்க மியூசிக்கலின் மூதாதைகளில் ஒன்று அந்தக் கூத்து. கறுப்பினத்தவரைக் கேலி செய்யும் வெள்ளையனின் வேஷம், ஜப்பானியர் கண்ட முதல் அமெரிக்கப் பாட்டு நாடகங்களில் ஒன்று. வைட்மனும் சோண்ட்ஹைமும் இதை நாடகத்தில் சேர்க்கவில்லை. சேர்த்திருந்தால் என்ன மாதிரிக் காட்சியாக இருந்திருக்கும்!

அந்தச் சந்திப்பு யாருக்கும் யார் மொழியும் தெரியாத சந்திப்பு என்பதையும் மறக்கக்கூடாது. 1853இல் உரகாவில் கப்பலுக்குப் படகில் போன மொழிபெயர்ப்பாளர் ஹோரி தத்சுனோசுகே ஆங்கிலத்தில் கத்திய முதல் வாக்கியம், "எனக்கு டச்சு பேசத் தெரியும்" என்பது. அப்புறம் எல்லாப் பேச்சும் டச்சு வழியாகவும் எழுதிக் காட்டிய சீனம் வழியாகவும்தான். ஆங்கிலம் நன்றாகத் தெரிந்த மன்ஜிரோவை, அமெரிக்கர்களுக்கு விசுவாசமாக இருந்துவிடுவானோ என்ற சந்தேகத்தில் பக்கத்திலேயே விடவில்லை.

சோண்ட்ஹைம் தான் எழுதியதிலேயே தனக்கு மிகவும் பிடித்ததாகச் சொல்லிவந்த பாட்டு இந்த இடத்தில்தான் வருகிறது: 'சம்ஒன் இன் எ ட்ரீ'. ஒப்பந்த வீட்டுக்குள் என்ன பேசினார்கள் என்று ஜப்பானியப் பதிவு இல்லை என்கிறார் கதைசொல்லி. உடனே ஒரு கிழவர் வந்து, நான் அப்போது சிறுவன், மரத்தின் மேல் இருந்தேன், எல்லாம் பார்த்தேன் என்கிறார். அவருடைய பத்து வயது உருவமே வந்து மரம் ஏறுகிறது. தரைக்கு அடியில் ஒளிந்திருந்த வீரன் ஒருவனோ கேட்டதை மட்டும் சொல்கிறான். பையனுக்குக் கண் உண்டு காது இல்லை, வீரனுக்குக் காது உண்டு கண் இல்லை. உண்மையில் ஜப்பானியப் பதிவு இருக்கிறது. பேச்சுவார்த்தையை நடத்திய ஹயாஷி தரப்பின் குறிப்பு 'பொகுய் ஒசெத்சுரோகு' என்ற பெயரில் உண்டு. ஆனால் பாட்டுக்கு அது இல்லாமல் இருப்பதுதான் நல்லது. ஜப்பானிய மொழியில் கேட்கும்போது இந்தப் பாட்டு, எங்கோ நடந்த சரித்திரத்தைப் பற்றிய தத்துவமாக இல்லாமல், சொந்த ஊர்த் தாத்தா வாய்தவறி வரிசை மாற்றிச் சொல்லும் கதையாகிவிடுகிறது. எனக்கு ஆங்கிலப் பதிவைவிட இது பிடிக்கும்.

நியூயார்க் பயணம்: 2002 ஜூலை 9 முதல் 13 வரை லிங்கன் சென்டரின் ஏவரி ஃபிஷர் ஹாலில், ஜப்பானிய மொழியிலேயே, மேலே ஆங்கில எழுத்து ஓட. செப்டம்பரில் வாஷிங்டனின் கென்னடி சென்டர். பெர்ரி வரும்போது ராட்சச அமெரிக்கக் கொடி ஒன்று ரசிகர்களின் தலைக்கு மேல் விரியும். இரட்டைக் கோபுரம் விழுந்து ஒரு வருஷம்கூட ஆகாத நியூயார்க், ஊரெங்கும் அதே கொடி தொங்கிக்கொண்டிருந்த சமயம். அங்கே உட்கார்ந்து, அந்தக் கொடி தன் மேல் கவிழும்போது ஒரு ஜப்பானிய மீனவனுக்கு எப்படி இருந்திருக்கும் என்று அமெரிக்கன் அண்ணாந்து பார்க்கிறான். பிரின்ஸ் 1976இல் கற்பனையாக வைத்த 'ஜப்பானியர் எழுதிக் கொண்டுவந்த நாடகம்' என்ற அமைப்பு, 26 வருஷம் கழித்து விசா வாங்கிக்கொண்டு நிஜமாகவே வந்து இறங்கிவிட்டது.

2004 டிசம்பரில் மியாமோத்தோவே ஸ்டூடியோ 54 தியேட்டரில் ஆங்கிலத்தில் இயக்கினார். பிராட்வேயில் மியூசிக்கல் இயக்கிய முதல் ஜப்பானியர் அவர்தான். கதைசொல்லியாக நடித்தவர் பி.டி. வாங். 2005 ஜனவரி கடைசியோடு முடிந்தது. 2002க்குக் கிடைத்த உற்சாகம் இதற்குக் கிடைக்கவில்லை. என் அபிப்பிராயம், ஆங்கிலத்துக்குத் திரும்பியதுமே பழைய பாவனை திரும்பிவிட்டது. ஜப்பானியத்துக்காகச் செதுக்கிய எளிமை, ஆங்கிலத்தில் வறுமையாகத் தெரிந்தது.

பிறகு 2023 மார்ச்சில் டோக்கியோ நிஸ்ஸே தியேட்டரிலும் ஏப்ரலில் ஒசாக்காவிலும் புதிய ஜப்பானிய மொழித் தயாரிப்பு ஒன்று வந்தது. லண்டனின் மெனியர் சாக்லெட் ஃபேக்டரி என்ற தியேட்டரோடு கூட்டு, இயக்கியவர் மாத்யூ வைட் என்ற ஆங்கிலேயர், இடைவேளை இல்லாத சுருக்கிய வடிவம். யமமோத்தோ கோஜியும் மத்சுஷிதா யூயாவும் மாற்றி மாற்றிக் கதைசொல்லியாக வந்தார்கள். அதே தயாரிப்பு வருஷக் கடைசியில் லண்டனுக்குப் போய் ஆங்கிலத்தில் நடந்தது.

சரி, எங்கிருந்து தொடங்குவது? 1976 நடிகர்களின் இசைத்தட்டுப் பதிவைக் கேளுங்கள், மாக்கோவின் கதைசொல்லி குரலுக்காகவே கேட்கலாம். அந்தப் பிராட்வே மேடையை அப்போதே ஜப்பானியத் தொலைக்காட்சிக்காகப் படம்பிடித்தார்கள், அதையும் பாருங்கள். அப்புறம் ஜப்பானிய மொழியில் எது அகப்பட்டாலும் 'எ பவுலர் ஹேட்' பாட்டை மட்டும் முதலில் தேடுங்கள். எழுத்தைப் படிக்காதீர்கள். எந்தச் சொல் வரும்போது பாடுகிறவரின் நாக்கு ஒரு நொடி தயங்குகிறது என்று மட்டும் கேளுங்கள், பெரும்பாலும் அது ஏதாவது ஒரு சாமானின் பெயராக இருக்கும்.